கிராதிக்கு உள்ளே இரண்டு தூண்கள்

எழுபதைத் தாண்டிய நண்பர்களே, காலையில் நாம் உட்காரும் சிமென்ட் பெஞ்சில் ஐந்து பேர். அதில் மூவருக்குக் காது மந்தம். அதனால் வாயால் சொல்வதை விட்டு எழுதித் தருகிறேன். எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் நான் ஏன் முன்வரிசைக்கு வராமல் வாசலோரமாகவே நிற்கிறேன் என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். மூன்றாவது தடவை கேட்பதற்குள் சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பத்து வயது. தென்னேரிப் பக்கம் எங்கள் ஊர், நாற்பத்தொரு வீடு. அதில் இருபத்தாறு கிறிஸ்தவ வீடு. என் அப்பா அந்தச் சபையின் உபதேசியார்; பாதிரியார் மாதம் ஒரு முறைதான் வருவார், மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்துவது அப்பாதான். எங்கள் கோயில் முழுக்க மரத்தால் ஆனது. இந்த ஜில்லாவில் அப்படி இன்னொன்று இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நார்வே நாட்டிலிருந்து வந்த ஒரு பாதிரியார் அதைக் கட்டினார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர் பிறந்த கிராமத்துக் கோயிலில் சுவர் மரம், தரை மரம், கூரையில் வேய்ந்த ஓடுகூட மரச் சீவலாம். செங்கல்லும் சுண்ணாம்பும் கூப்பிடு தூரத்தில் கிடைக்கும் ஊருக்கு வந்து, எனக்கு அதேபோல்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்திருக்கிறார். வீடு கட்டும் ஆசாரிகள் கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் காஞ்சிபுரத்தில் தேர் செய்கிற ஆசாரிகள் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த பெரிய மரவேலை தேர் ஒன்றுதான். ஆகவே சக்கரம் இல்லாத தேர் ஒன்றைக் கட்டினார்கள். தேருக்கு வைக்கிற அதே இலுப்பை மரம். ஆணி கிடையாது. ஒரு மரத்தின் நாக்கை இன்னொரு மரத்தின் துளைக்குள் செருகி ஆப்பு அடித்த வேலை.

கூரை மட்டும் பாதிரியார் சொன்னபடி செங்குத்தாக ஏறியது. அவர் நாட்டில் பனி வழுக்கி விழுவதற்காக அப்படி வைப்பார்களாம். எங்கள் ஊரில் பனி ஏது? மரச் சீவல் மக்கிய பிறகு நாட்டு ஓடு வேய்ந்தார்கள். பனிக்குப் பதில் ஓடு வழுக்கி விழுந்தது. ஒரு மழைக்காலத்தில் முப்பத்தேழு ஓடு விழுந்ததை நான் எண்ணி வைத்தேன். வெளிச்சுவர்களுக்குத் தார் பூசியிருந்ததால் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அதைக் கருப்புக் கோயில் என்றார்கள். வெயில் நாளில் உள்ளே போனால் தார் வாசனையும் வௌவால் வாசனையும் சேர்ந்து தொண்டையில் நிற்கும்.

ஒரு விஷயத்தில் ஆசாரிகள் பாதிரியாரின் பேச்சைக் கேட்கவில்லை. மணிக்கூண்டை அவர் வாசலுக்கு மேலே வைக்கச் சொன்னாராம். சிகரம் என்பது சாமி இருக்கிற இடத்துக்கு நேர் மேலேதான் வரும் என்று அவர்கள் பீடத்துக்கு மேலே தூக்கி வைத்துவிட்டார்கள். அதனால் மணிக்கயிறு கிராதிக்கு உள்ளே தொங்கியது. கிராதி என்பது பீடத்துக்கு முன்னால் இடுப்பளவு உயரத்தில் குறுக்கே போகும் மரத் தடுப்பு. அதைத் தாண்டி உள்ளே போக மூவருக்குத்தான் உரிமை: உபதேசியார், சபை மூப்பர், மணி அடிக்கிறவர்.

தூண்கள் பன்னிரண்டு. பக்கத்துக்கு ஆறு. அப்போஸ்தலர் பன்னிருவரின் பெயரை வைத்துத்தான் அவற்றைச் சொல்வார்கள். கிராதிக்கு உள்ளே இடதுபுறம் பேதுரு தூண், வலதுபுறம் யோவான் தூண். வாசலோரம் கடைசியாக நின்றது யூதாஸ் தூண். அதில் யாரும் சாய மாட்டார்கள். இன்ன வீட்டுக்காரர் இன்ன தூணடியில் என்று இடம் வகுத்திருந்தது. பத்துத் தூண்கள் கருங்கல் மேல் நின்றன. கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே காற்று போகும். பேதுருவும் யோவானும் மட்டும் அப்படி இல்லை. என் காலத்துக்கு முன்பே யாரோ பீடம் தாழ்வாக இருக்கிறதென்று மண்ணைக் கொட்டி மேடையை உயர்த்தி, மேலே சிமென்ட் பூசிவிட்டார்கள். அந்த இரண்டு தூணும் முழங்கால் வரை மண்ணுக்குள்.

அந்த வருஷம் ஐப்பசியில் பத்தொன்பது நாள் சூரியனைப் பார்க்கவில்லை. கோயில் முனக ஆரம்பித்தது. ஜெபம் நடக்கும்போது வாசல் பக்கத்திலிருந்து டொக்கென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினான்கு வரை எண்ணினேன். பிரசங்கம் எதைப் பற்றியது என்று தெரியாது. என் அக்காவின் கல்யாணம் ஒரு தடவை மழையால் தள்ளிப்போய், இன்னும் பன்னிரண்டு நாளில் வைத்திருந்தார்கள். அதையும் விட்டால் கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு வாரத்தில் எங்கள் சபையில் கல்யாணம் வைக்க மாட்டார்கள்.

“யூதாஸ்தான் கத்துறான்” என்றார் மூப்பர். அவர் சொன்னால் அது தீர்ப்பு. அப்பா காஞ்சிபுரத்துக்கு ஆள் அனுப்பித் தேர் ஆசாரி ஒருவரை வரவழைத்தார். இந்தக் கோயிலைக் கட்டியவர்களில் அவருடைய கொள்ளுத்தாத்தாவும் ஒருவர்.

ஆசாரி ஒல்லியான மனிதர். வாயில் வெற்றிலை. கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் யூதாஸ் தூணை இரண்டு தட்டுத் தட்டி, உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

“இவன் நல்லவன்பா. தண்ணி குடிச்சு உப்பிக்கினு இருக்கான், அதான் சத்தம். சத்தம் போடுறவன் எங்கியும் போமாட்டான்.”

“அதெல்லாம் இல்ல. முட்டுக் குடு” என்றார் மூப்பர்.

“குடுக்கறேன். கல்யாணத்துக்கு வர்றவங்க, இன்னாத்துக்கு இவனுக்கு மட்டும் ஊன்றுகோலுன்னு கேட்டா நீங்கதான் சொல்லணும்.”

ஒவ்வொரு தூணாகத் தட்டிக்கொண்டே பீடத்தை நோக்கி வந்தார். நான் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனேன். பத்து முடிந்தது. கிராதியின் சின்னக் கதவில் கையை வைத்தார்.

“ஆசாரி, அதுக்கு மேல வாணாம்” என்றார் மூப்பர்.

“செருப்பு வெளியதானே கீது?”

“செருப்ப சொல்லல.”

ஆசாரி கதவிலிருந்து கையை எடுத்தார். “எங்க கொள்ளுத்தாத்தா உள்ள நின்னுதானே நட்டாரு? வெளிய நின்னுக்கினு கயித்தால வுட்டாரா?”

“அப்ப அது கோயில் இல்ல, மரம். இப்ப கோயில்.”

ஆசாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா மூப்பரைப் பார்த்தார். பிறகு கொட்டாப்புளியை வாங்கிக்கொண்டு அப்பாவே உள்ளே போனார். யோவானை இரண்டு தட்டு. பேதுருவை மூன்று தட்டு. அந்த மூன்றாவது தட்டு எனக்கு நினைவிருக்கிறது. மற்ற நான்கைவிட மெதுவாகத் தட்டினார்.

“ரெண்டும் நல்லாத்தான் இருக்குது” என்றார்.

“எனக்கு இங்கேர்ந்து காதுக்குத்தான் வருது, கைக்கு வரல” என்றார் ஆசாரி. “பத்துக்கு நான் ஜவாப்தாரி. ரெண்டுக்கு உபதேசியார். அப்புறம் என்னக் கேக்கக் கூடாது.” யூதாஸ் தூணுக்கு ஒரு பனங்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு மதியப் பஸ்ஸில் போய்விட்டார்.

பன்னிரண்டில் பத்து. அந்தக் கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டு நாள் கழித்து, நடுப்பகலில், ஊர் முழுக்கச் சோறு தின்னும் நேரத்தில், நான் கிராதிக்குள் நுழைந்தேன். கையில் பள்ளிக்கூடத்துக் கவராயம். பேதுரு தூணின் முன்பக்கம் வார்னிஷ் பளபளத்தது. நான் பின்பக்கம் போய்க் கவராயத்தின் முள்ளை வைத்து அழுத்தினேன். வெண்ணெயில் போவதுபோல் முள் முழுக்க உள்ளே போனது. வெளியே எடுத்தபோது துளையிலிருந்து ஈரமான செம்மண் பொடியும், அதன் பின்னால் வெளுத்த கறையான் ஒன்றும் வந்தது. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே மெல்லிய சரசரப்பு. காய்ந்த இலைமேல் தூறல் விழுவதுபோல. அந்தச் சத்தம் இப்போதும் சில நாள் என் தலையணைக்குள் கேட்கிறது.

கல்யாணத்தன்று மணமக்கள் முழங்கால் போடும் இடம் கிராதிக்கு வெளியே, பேதுரு தூணுக்கு நேர் எதிரே. தூணுக்கும் அக்காவின் தலைக்கும் எத்தனை அடி என்று அடிவைத்து அளந்தேன். நாலரை.

முதலில் அக்காவிடம் சொன்னேன். அவள் கூறைப்புடவையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்குப் பிள்ளையார்பாளையத்தில் சாயம் போடும் வேலை. முழங்கை வரைக்கும் நீலமும் சிவப்பும் ஏறிய கை. அந்தப் புடவையின் பட்டுக்குச் சாயம் போட்டது அவரே என்று அவளுக்குப் பெருமை.

“டேய் தம்பி, உனுக்கு எண்றது ஒரு வியாதிடா” என்றாள். “போன தடவ மழ. இந்தத் தடவ கறையானா? அவுங்க வூட்ல பொண்ணு ராசியில்லாதவன்னு பேச ஆரம்பிச்சாச்சு. நீ வேற வாயத் தொறந்துடாத.”

பிறகு அப்பாவிடம் சொன்னேன். முள் உள்ளே போனதைச் சொன்னேன், மண்ணைச் சொன்னேன். கறையானைத் தாளில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். அது செத்து ஒரு நூல் துணுக்கு மாதிரி கிடந்தது. அப்பா அதைப் பார்க்கவே இல்லை.

“கிராதிக்குள்ள ஏன் போன?”

“அப்பா, அக்கா அங்கதான்...”

“அத நான் கேக்கல. ஏன் போன?”

உள்ளங்கையில் நான்கு பிரம்படி. இரண்டு இடது, இரண்டு வலது. அடித்து முடித்ததும் பிரம்பை ஒடித்து அடுப்பில் போட்டார். கோபம் என்று அன்று நினைத்தேன்.

இன்னும் எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா, கல்யாண வேலையில் பிள்ளைக்குக் கண்ணேறு பட்டுவிட்டது என்று உப்பு சுற்றிப் போட்டாள். அவளிடம் சொல்லியிருக்கலாம். அப்பா சொன்னதற்கு மேலே அவள் ஒரு சொல் சொல்லி நான் பார்த்ததில்லை, அதனால் சொல்லவில்லை.

எங்கள் சபையில் சாவு மணிக்கு ஒரு வழக்கம் உண்டு. செத்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஒரு நீண்ட மூச்சு. வயலில் நிற்கிறவர்கள் கூட வேலையை நிறுத்திவிட்டு எண்ணுவார்கள். எண்ணிக்கையை வைத்தே யாரென்று சொல்லிவிடுவார்கள். அந்த மணி அடித்துவிட்டால், அடக்கம் முடிகிற வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. மூப்பரின் தாயார் இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. எண்பத்து மூன்று வயது. எண்பத்து மூன்று அடி அடித்தால் ஊரே மூப்பர் வீட்டுக்கு ஓடும். அக்கா தூணடிக்கு வர மாட்டாள். பொய் தெரிந்த பிறகு என்னைக் கொன்றாலும் சரி. பத்து வயதுக்கு அதற்கு மேல் திட்டம் வரவில்லை.

கல்யாணத்தன்று காலை தூறல். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வண்டியில் வந்து பள்ளிக்கூடத்தில் இறங்கியிருந்தார்கள். கோயிலுக்குள் பாய் விரித்து முடித்தாயிற்று, ஆள் இல்லை. நான் கிராதிக் கதவைத் திறந்து கயிற்றைப் பிடித்தேன். கயிறு பேதுரு தூணை ஒட்டியே தொங்கியது. மணி ஆடினால் மேலே கூண்டு ஆடும், கூண்டு ஆடினால் தூண் ஆடும் என்று எனக்குத் தெரியும். அதை யோசிக்காமல் இழுக்க முடியாது, யோசித்துக்கொண்டே இழுத்தேன்.

ஒன்று. கூரையிலிருந்து தூசி. இரண்டு, மூன்று. வெளியே பேச்சு நின்றது. நான்கில் தூணின் தலைப்பக்கத்திலிருந்து மண் கொட்டியது, என் கழுத்துக்குள் விழுந்தது. ஐந்து, ஆறு. அழுதேன். ஏழு, எட்டு. எண்பத்து மூன்றுக்கு இன்னும் எழுபத்தைந்து. ஒன்பது. பத்தாவது இழுப்பில் தூணுக்கு உள்ளே கரும்பை முறித்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது. கயிற்றை விட்டுவிட்டேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே என்ன நடந்தது என்பதை அக்கா பிறகு சொன்னாள். ஐந்தாவது அடி விழுந்ததும் ஐந்துக்குக் கீழே பிள்ளை வைத்திருந்தவர்கள் மூச்சு விட்டார்களாம். ஏழு, எட்டு என்று போகப் போக இன்னும் சிலர். எல்லாரும் அது இன்னும் போகும், எழுபது எண்பது போகும் என்று காத்திருந்தார்கள். பத்தில் நின்றது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. மணி வரவில்லை. ஊரில் பத்து வயதுப் பிள்ளைகள் நாலு பேர். மூன்று பேர் பந்தலடியிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

அம்மா ஓடி வந்தாள். எல்லாரும் வெளியே நிற்க, யாரை எந்த இடத்திலிருந்து தள்ளி வைக்க நினைத்தேனோ அந்த இடத்துக்கு என் அம்மா நேராக ஓடி வந்தாள். கிராதிக் கதவைத் திறக்கக்கூட இல்லை, மேலே ஏறிக் குதித்தாள். “அம்மா, வராத, வராத” என்று நான் கத்தினேன். அவள் காதில் விழவில்லை. ஒரு கையால் என் தலைமயிரைப் பற்றித் தூக்கினாள். கால் தடுமாறியது. மறு கையைத் தூணில் ஊன்றினாள்.

கை மணிக்கட்டு வரைக்கும் தூணுக்குள் போய்விட்டது.

வார்னிஷ் பூசிய மேல்தோல் காகிதம்போல் கிழிந்து, உள்ளேயிருந்து செம்மண் அவள் கல்யாணத்துக்குக் கட்டியிருந்த புடவை மேலெல்லாம் கொட்டியது. மேலே கூரை நான்கு விரற்கடை இறங்கியது. ஓடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கி வெளியே விழுந்து உடைந்தன. அம்மா கையை உருவிக்கொண்டு, என்னை அப்படியே இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் அப்பா நின்றிருந்தார், அவர் பின்னால் மூப்பர். முழங்கை வரை மண் அப்பியிருந்த அந்தக் கையை அம்மா இருவருக்கும் நீட்டிக் காட்டினாள்.

கோயில் அன்று விழவில்லை. அக்காவின் கல்யாணம் பள்ளிக்கூடத்து முற்றத்தில் தூறலில் நடந்தது. சாயக்காரரின் கையிலிருந்து மோதிரம் ஒரு தடவை நழுவிக் கீழே விழுந்தது. சாயங்காலம் ஆசாரி வந்தார். மூப்பரே போய்க் கிராதிக் கதவைத் திறந்து, “உள்ள வாப்பா” என்றார். “இப்ப இது கோயிலா மரமா?” என்று ஆசாரி கேட்டார். மூப்பர் விலகி வழிவிட்டார்; ஆசாரி நான்கு பேரைக் கூப்பிட்டு முட்டுக் கொடுக்கப் போனார்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்குள் நான் பாயில் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்து அப்பா அம்மாவிடம் பேசினார்.

“தட்டினப்பவே தெரிஞ்சிது” என்றார். “மூணாவது தட்டு தட்டினேன் பாரு, அப்பவே. மூப்பர் நின்னுக்கினு இருந்தாரு. ஆசாரி கேட்டுக்கினு இருந்தான். கல்யாணம் இன்னொரு தபா தள்ளிப் போனா அவ கதி இன்னா? பத்து நாள்தானே, தாங்கும்னு நெனச்சேன்.”

அம்மா கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். செம்பிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

“தாங்கலன்னா?” என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் பதிலுக்குக் காத்திருந்தேன். நூறு வரைக்கும் எண்ணினேன்.

நண்பர்களே, நான் பார்த்த உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். பொதுக் கட்டடங்களைப் பார்வையிட்டுச் சான்று எழுதும் வேலை, முப்பத்து நான்கு வருஷம். வாசலோரம் நிற்பதற்குக் காரணம் அப்பாவின் தூண் என்று இதுவரை வீட்டில் சொல்லி வந்திருக்கிறேன். அது பாதிதான். ஒரு பள்ளிக்கூடம். நான்கு வகுப்பறை. நான் போன அன்று நான்காவது அறை பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லை. மறுநாள் திறப்பு விழா. பெரியவர்கள் சுற்றி நின்றார்கள். மூன்று அறையைப் பார்த்துவிட்டு நான்குக்கும் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. நான்காவது அறையின் உத்தரத்தில் ஒரு விரிசல் ஓடுகிறது; வெளியே சாலையிலிருந்தே தெரிகிறது. இந்த மழை தொடங்கியதிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் எதிரேயுள்ள டீக்கடையில் நிற்கிறேன். நேற்று அறுபத்து மூன்று பிள்ளைகள் உள்ளே போனார்கள். அறுபத்து மூன்று பேரும் வெளியே வந்தார்கள். இலாகாவுக்கு ஆறு கடிதம் எழுதிவிட்டேன். பழுது பார்க்கும் பட்டியலில் இருக்கிறது என்று ஒரே பதில். ஆறிலும் விரிசலின் நீளத்தை எழுதினேன், அகலத்தை எழுதினேன். பூட்டிய அறையை எழுதவில்லை.

ஏழாவதில் எழுதிவிட்டேன். தலைமையாசிரியருக்கும் ஒரு பிரதி. உறை ஒட்டி மேசைமேல் இருக்கிறது. மகன் படித்துப் பார்த்துவிட்டு, “இது எதுக்குப்பா இப்ப?” என்றான். பதிவுத் தபால் வாங்கும் ஜன்னல் பத்து மணிக்குத்தான் திறக்கும். பள்ளிக்கூடம் ஒன்பதேகாலுக்கே தொடங்கிவிடும். ஆகவே தபாலுக்குக் காத்திருக்காமல், உறையைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்கே போகிறேன். நாளைக் காலை பெஞ்சில் நான் இருக்க மாட்டேன். உங்களில் நடக்க முடிந்தவர்கள் யாராவது கூட வந்தால் நல்லது. வாசலில் நின்று பிள்ளைகளை உள்ளே விடாமல் நிறுத்த, ஒரு கிழவன் போதாது.